நாலு மணி வெயிலும் எங்கள் கொல்லையும்

கொல்லைப்புறத்தைச் சீரமைக்கப் போகிறோம், யோசனை சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: சாயங்காலம் நாலு மணிக்கு அங்கே வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? பலருக்கும் உடனே பதில் வராது. ஊஞ்சல் எங்கே வாங்கலாம், செயற்கைப் புல் போடலாமா, தரைக்கு எந்த டைல்ஸ் என்றுதான் பேச்சு தொடங்கும். அதெல்லாம் கடைசியில் வர வேண்டியவை. முதலில் நிழல், அப்புறம் தண்ணீர் போகும் வழி, அதற்கும் அப்புறம்தான் உட்காரும் இடம். எங்கள் கொல்லையை இந்த வரிசையில்தான் மாற்றினோம். படங்களைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் விசாரிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட இங்கே விவரமாக எழுதிவிடுகிறேன்.

ஊர் பட்டுக்கோட்டை. வீடு கிழக்குப் பார்த்தது, அதனால் கொல்லை மேற்கே. 30 அடி அகலம், 45 அடி நீளம். கிணறு, துவைக்கிற கல், மாடு போன பிறகும் நின்றுகொண்டிருந்த மாட்டுக் கொட்டகை, கடைக்கோடியில் யாரும் பயன்படுத்தாத பழைய கழிப்பறை. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றிலும் கொல்லை இப்படித்தான் இருக்கும். ஐந்து தென்னை மரங்கள் நின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கத்தில் கரை கடந்து எங்கள் வட்டாரத்தை அடித்துப் போட்டபோது அவற்றில் மூன்று சாய்ந்துவிட்டன. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் தோப்பை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் அந்த ஒரே இரவில் பிழைப்பை இழந்தன. அந்தத் துயரத்தின் முன்னால் எங்கள் நஷ்டம் ஒன்றுமே இல்லை. எங்களுக்குப் போனது நிழல் மட்டும்தான்.

ஆனால் நிழல் போனால் வீட்டுக்குள் என்ன ஆகும் என்பது அடுத்த கோடையில் தெரிந்தது. அடுப்படிச் சுவர் மேற்குச் சுவர். ராத்திரி ஒன்பது மணிக்குக் கை வைத்தாலும் சூடு அப்படியே இருக்கும். செங்கல் சுவர் பகலெல்லாம் வாங்கி வைத்த வெப்பத்தைப் பொழுது சாய்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுகிறது. என் மாமியாருக்கு எண்பது தாண்டிவிட்டது, படுப்பது அடுப்படியை ஒட்டிய அறையில். அவர்களுக்காகத்தான் இந்த வேலையைத் தொடங்க வேண்டும் என்று தோன்றியது. கொல்லையில் உட்காரலாம், விருந்தாளிகளோடு பேசலாம் என்பதெல்லாம் பின்னால் சேர்ந்துகொண்ட ஆசைகள்.

நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் சொல்லிக்கொடுத்தவள். குச்சி நட்டு நிழல் அளப்பதைப் பிள்ளைகளுக்குப் பல வருஷம் காட்டியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு அதையே கொல்லையில் செய்தேன். ஆளுயரத்துக்கு ஒரு சவுக்குக் கம்பை நட்டு, மாதா மாதம் நாலு மணிக்கு நிழல் விழும் இடத்தில் ஒரு செங்கல்லை வைத்துவிடுவேன். பட்டுக்கோட்டை வடக்கே 10 பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. அதனால் சூரியன் வருஷத்தில் இரண்டு தடவை எங்கள் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும்: ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒரு தடவை, ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒரு தடவை. இரண்டுக்கும் நடுவே உள்ள மாதங்களில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. கத்தரி வெயில் காலத்தில், நாலு மணிக்குச் சூரியன் மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்கே தள்ளி, ஏறக்குறைய 35 பாகை உயரத்தில் இருக்கும். மார்கழியில் அதே நேரத்தில் தென்மேற்கே போய்விடும்.

இதைத் தெரிந்துகொள்வதால் என்ன பயன் என்று கேட்கலாம். மேலே கூரை போட்டால் மட்டும் சாயங்கால வெயில் நிற்காது. 7 அடி உயர இறவாரத்துக்கு, அதாவது கூரையின் தாழ்ந்த ஓரத்துக்கு, கீழே 35 பாகையில் நுழைகிற வெயில் 10 அடி தூரம் உள்ளே போகும். அதாவது 8 அடி அகலத் தாழ்வாரம் போட்டால் வெயில் சுவர் வரைக்கும் வந்து மேலேறும். பலர் செலவு செய்து கூரை போட்டுவிட்டு, சாயங்காலம் அங்கே உட்கார முடியாமல் தவிப்பது இதனால்தான். மேற்குக் கொல்லைக்குக் கூரையோடு ஒரு செங்குத்தான மறைப்பும் வேண்டும். அந்த மறைப்பு காற்றை நிறுத்திவிடவும் கூடாது.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோடை மத்தியானத்தில் அதிராம்பட்டினம் பக்கத்துக் கடலிலிருந்து எங்களுக்குக் காற்று வரும். வீடு அதை மறித்துக்கொண்டு நிற்பதால் கொல்லைக்கு வர ஒரே வழி தெற்குப் பக்கச் சந்துதான். அந்தச் சந்து முழுக்கப் பழைய கதவு, உடைந்த சைக்கிள், பிளாஸ்டிக் தொட்டி, மீந்துபோன டைல்ஸ் பெட்டி. ஆள் வைத்து எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினோம். அன்று சாயங்காலமே கொல்லைக்குக் காற்று வந்தது. மொத்த வேலையிலும் மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய பலன் கிடைத்தது அதில்தான். உங்கள் வீட்டிலும் பக்கச் சந்து இருந்தால் இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

வேலையைத் தை மாதம் தொடங்கினோம். மழை விட்டு, மண் கையால் வெட்டுகிற அளவுக்கு ஈரமாக இருக்கும், கோடைக்கு முன் கொத்து வேலையும் முடிந்துவிடும். அதற்கு முன்னால் ஒப்பந்தம் பேச வந்த ஒருவர், கொல்லை முழுவதும் கான்கிரீட் போட்டு மேலே டைல்ஸ் ஒட்டிவிடலாம், கூட்டித் தள்ள வசதி என்றார். எங்கள் தெருவில் அப்படிச் செய்த வீடுகள் இருக்கின்றன. ஐப்பசி அடைமழையில் அந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போகிறது என்று நான் பார்த்திருக்கிறேன். தெருவுக்கு, பக்கத்து வீட்டுக்கு, சில நேரம் அவர்கள் வீட்டு அடுப்படிக்கே. தமிழ்நாட்டுக்கு வருஷத்தில் கிடைக்கிற மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில், அந்த மூன்று மாதத்துக்குள் வந்துவிடுகிறது. எங்களைப் போன்ற கடலோர மாவட்டங்களில் அந்தப் பங்கு இன்னும் அதிகம். அவ்வளவு தண்ணீரை வாங்கிக்கொள்ள மண் திறந்திருக்க வேண்டும். எங்கள் கொல்லையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எதையும் போட்டு மூடுவதில்லை என்று முடிவு செய்தோம். அந்த ஒப்பந்தக்காரரை விட்டுவிட்டு, ஊரிலேயே ஓட்டு வீடு கட்டிப் பழகிய கொத்தனார் ஒருவரைத் தேடிப் பிடித்தோம்.

அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, வேறு கவலை. "ஏம்மா, அழகு பண்றேன்னுட்டு அம்மியையும் கல்லையும் தூக்கிப் போட்டுறாதே" என்றார்கள். அவர்கள் சொன்னது எனக்கு மனதில் நின்றது. கொல்லையைப் புதுப்பிக்கிறவர்கள் பலரும் துவைக்கிற கல், துணிக்கொடி, மீன் ஆய்கிற இடம், அம்மி எல்லாவற்றையும் அகற்றிவிட்டு நாற்காலி போடுகிறார்கள். அப்புறம் அங்கே வேலை எதுவும் இல்லாததால் யாரும் போவதில்லை. கொல்லையில் ஆள் நடமாட்டம் இருப்பதே அங்கே வேலை இருப்பதால்தான். மல்லிப்பட்டினத்திலிருந்து மீன்காரம்மா வந்தால் மீனைக் கொல்லையில்தான் ஆய்வோம், கீரை ஆய்வதும் அங்கேதான், தலை உலர்த்துவதும் அங்கேதான். அதனால் இருக்கிற எந்த வேலையையும் வெளியேற்றாமல், ஒவ்வொன்றுக்கும் நிழலும் நிற்க நல்ல தரையும் கொடுப்பது என்று திட்டம் போட்டோம்.

முதல் வேலை இடிப்பு. பழைய கழிப்பறையும் மாட்டுக் கொட்டகையும் போயின. கொட்டகைச் செங்கல்லில் பழுதில்லாததைச் சுரண்டி அடுக்கி வைத்துக்கொண்டோம். கஜாவில் விழுந்த தென்னைகளில் நல்ல வைரம் பாய்ந்த அடிப்பகுதிகளை என் கணவர் அப்போதே அறுவை மில்லுக்கு அனுப்பிக் கைமரமாக, அதாவது கூரையைத் தாங்கும் சாய்வுச் சட்டமாக, அறுத்து வீட்டுக்குள் அடுக்கியிருந்தார். தென்னையில் வெளி வட்டம்தான் கறுத்து உறுதியாக இருக்கும், நடுப்பகுதி சோறு, கட்டுமானத்துக்கு ஆகாது. மிச்சத்தை அவர் கொல்லையில் ஒரு வாரம்கூடப் போட்டு வைக்கவில்லை. மக்குகிற தென்னங்கட்டையில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும், நிற்கிற மரங்களின் குருத்தையும் தின்றுவிடும். புயலுக்குப் பிறகு தோப்புக்காரர்களுக்கு அது ஒரு தனி வேதனையாக இருந்தது.

அந்தக் கைமரங்கள்தான் இப்போது அடுப்படிச் சுவரை ஒட்டிப் போட்ட தாழ்வாரத்தின் மேலே இருக்கின்றன. தாழ்வாரம் 20 அடி நீளம், 8 அடி அகலம். கொல்லையின் முழு அகலத்துக்கும் போடாததற்குக் காரணம் செப்டிக் டேங்க். அது தெற்கே வீட்டை ஒட்டி இருக்கிறது. அதன் மூடி எப்போதும் திறக்கிற மாதிரி இருக்க வேண்டும், கழிவு எடுக்க வருகிற வண்டியின் குழாயும் எட்ட வேண்டும். அதன் மேல் திண்ணை கட்டி, தரை போட்டு மூடிவிட்டுப் பின்னால் உடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காற்றுக் குழாயைக் கூரைக்கு மேலே ஏற்றி, நுனியில் கொசுவலை கட்டினோம். செப்டிக் டேங்கில் பெருகுகிற கொசுக்கள் வெளியே வருகிற வழி அந்தக் குழாய்தான். வலை கிழிந்தால் உடனே மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

கூரைக்குத் தகர ஷீட் வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெயிலில் அனலைக் கீழே இறக்கும், மழையில் பேச்சுக் கேட்காது, கஜா இரவில் ஷீட்டுகள் பறந்ததை இந்த ஊரில் யாரும் மறக்க மாட்டார்கள். மங்களூர் ஓடு போட்டோம். "ஓட்டுக்கு வாட்டம் நல்லா இருக்கணும் டீச்சர், குறைச்சா சாரல்ல ஒழுகும்" என்று கொத்தனார் 8 அடிக்கு 4 அடி ஏற்றம் வைத்தார். சுவரில் 11 அடி, இறவாரத்தில் 7 அடி. கைமரங்களைச் சுவரோடும் தூணோடும் இரும்புப் பட்டை போட்டு இறுக்கினார் ஆசாரி. புயல் கூரையை அடியிலிருந்துதான் தூக்கும், கனத்தை மட்டும் நம்பக் கூடாது. மரத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசினோம். எங்கள் கடலோரத்தில் கரையானுக்கு எதிராகப் பழைய காலத்திலிருந்து பூசுவது அதைத்தான். கையில் பட்டால் புண்ணாக்கும், கவனம். இந்த மாதிரி நிரந்தரக் கூரை போடுவதற்கு முன் நகராட்சியில் பின்பக்கம் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் மனையின் அளவுக்கும் கட்டடத்தின் உயரத்துக்கும் தகுந்தபடி அது மாறும்.

கூரை ஏறியதுமே அடுப்படிச் சுவரின் சூடு குறைந்துவிட்டது. ஆனால் நாலு மணி வெயில் நான் எதிர்பார்த்தபடியே கீழே நுழைந்தது. அதற்காகத் தாழ்வாரத்தின் மேற்கு விளிம்பில் வடபாதிக்குச் செங்கல் ஜாலிச் சுவர். திருவனந்தபுரத்தில் வாழ்ந்து ஏராளமான வீடுகள் கட்டிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் ஜாலிச் சுவரை எவ்வளவு அழகாகவும் சிக்கனமாகவும் பயன்படுத்தினார் என்பது கட்டடம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஜன்னல் செய்கிற வேலையைச் செங்கல்லுக்கு நடுவே விட்ட இடைவெளியே செய்துவிடுகிறது. கொட்டகைச் செங்கல் அத்தனையும் இதற்குப் போனது. பூசவில்லை. வெயில் துண்டு துண்டாகத்தான் உள்ளே வருகிறது, காற்றுக்குத் தடை இல்லை. வடபாதி எதற்கு என்றால், கோடையில் வெயில் மேற்கிலிருந்து வடக்கே தள்ளி வருகிறது என்று செங்கல் வைத்துக் குறித்தேனே, அதனால்தான். தென்பாதியைக் கொடிக்கு விட்டோம். ஜி.ஐ. கம்பி இழுத்து ரங்கூன் மல்லி ஏற்றியிருக்கிறேன். சாயங்காலம் வெள்ளையாக விரியும் பூ, மறுநாள் இளஞ்சிவப்பாகி அப்புறம் நல்ல சிவப்பாகும். மூன்று நிறமும் ஒரே கொத்தில் தொங்கும். வாசனை ராத்திரியில்தான். வருஷத்துக்கு ஒரு தடவை தாட்சண்யம் பார்க்காமல் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டுக்குள் புகுந்து ஓட்டைத் தூக்கிவிடும்.

நிலையான நிழல் மரத்தால்தான் வரும். தாழ்வாரத்திலிருந்து 20 அடி தள்ளி, மேற்கே சற்று வடக்காக ஒரு புங்கை நட்டிருக்கிறோம். வேம்பா புங்கையா என்று வீட்டில் நீண்ட பேச்சு நடந்தது. புங்கை கோடைக்கு முன்னால் இலை உதிர்த்தாலும் சீக்கிரமே பளபளவென்று தளிர்த்துவிடும், சித்திரை வெயிலுக்கு நிழல் தயாராக இருக்கும். அடர்த்தியான நிழல். முருங்கையை உட்காரும் இடத்துக்கு அருகே வைக்காதீர்கள். கிளை லேசில் முறியும், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அடை அடையாக அப்பிக்கொள்ளும். எங்கள் முருங்கை கடைக்கோடியில் நிற்கிறது. தென்னைக்கு அடியிலும் இருக்கை கூடாது, மட்டை விழுந்தாலே போதும். புங்கை பெரிதாகும் வரை கோடையில் அந்த இடத்தில் கீற்றுப் பந்தல் போட்டுக்கொள்கிறோம். ஆடிப்பட்டத்தில் அதே பந்தலில் புடலையும் பீர்க்கனும் ஏறும்.

தண்ணீருக்கு வருகிறேன். மாடியின் மழைநீர் முன்பு குழாய் வழியாகத் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பை 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கிவிட்டார்கள். குழாயைக் கிணற்றுக்குத் திருப்பினோம். வழியில் ஜல்லி, கரி, மணல் அடுக்கிய ஒரு வடிகட்டித் தொட்டி. 1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் தண்ணீர். அடைமழையில் ஒரே நாளில் அதைப் போலப் பல மடங்கு இறங்கும். பருவத்தின் முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிட வேண்டும், மாடி அழுக்கெல்லாம் அதில்தான் வரும். புரட்டாசியில் மாடியையும் தொட்டியையும் கழுவி, மணலை மாற்றிவிடுகிறோம்.

தரையில் விழுகிற மழைக்கு வேறு ஏற்பாடு. வீட்டுச் சுவரிலிருந்து விலகிப் போகிற மாதிரி 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம் வாட்டம் விட்டோம். கொத்தனார் தண்ணீர் நிரப்பிய டியூபால் மட்டம் பிடித்து, நூல் கட்டி, ஒவ்வொரு மூலையிலும் முளை அடித்துக் காட்டினார். வாட்டத்தின் முடிவில் செங்கல் ஜல்லி நிரப்பிய ஓர் உறிஞ்சு குழி. துவைக்கிற தண்ணீர் தனியாக வாழைக்கும் கல்வாழைக்கும் போகிறது. அந்த இடத்தில் தண்ணீர் தேங்காமல் மண் உறிஞ்ச வேண்டும் என்பது முக்கியம். தேங்கினால் நாற்றமும் கொசுவும்தான் மிச்சம்.

தரைக்குச் சேம்பர் சூளையில் சுட்ட செங்கல். நாலு அங்குலம் கிராவல் இட்டு இடித்து, மேலே இரண்டு அங்குலம் மணல் பரப்பி, செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கினோம். இடுக்கில் சிமென்ட் கிடையாது, மணல்தான். மழை அதன் வழியே இறங்கிவிடும், எங்காவது உள்வாங்கினால் நாலு கல்லைப் பெயர்த்துத் திரும்ப வைக்கலாம். கடப்பா கல் போடலாம் என்று சிலர் சொன்னார்கள். நிழலில் அருமையான கல், திறந்த வெயிலில் கறுப்புக் கல் பாதத்தைப் பொசுக்கிவிடும். ஆத்தங்குடிக் கல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கண்ணாடித் தட்டின் மேல் வண்ணச் சிமென்ட்டை ஊற்றிக் கையால் செய்கிற அந்த வேலைக்கு ஈடு இல்லை. ஆனால் அது கூரைக்கு உள்ளே இருக்க வேண்டியது, அதை மழையில் போட மனம் வரவில்லை. செங்கல் தரையில் கார்த்திகையில் பாசி பிடிக்கிறது, தென்னந்துடைப்பத்தால் தேய்த்து எடுக்கிறோம். கிணற்றடிக்கும் துவைக்கிற கல்லைச் சுற்றியும் மட்டும் கொத்திய கருங்கல். அங்கே எப்போதும் ஈரம், அத்தை வழுக்கிவிடக் கூடாது. அடுப்படி வாசலில் இருந்த இரண்டு படியை எடுத்துவிட்டு, ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்ற கணக்கில் சரிவு அமைத்தோம். சுவரில் ஒரு கைப்பிடி. இந்த இரண்டையும் மூத்தவர்கள் இருக்கிற எல்லா வீட்டுக்கும் சொல்வேன்.

இப்போது திண்ணை. சோபா, மெத்தை வைத்த நாற்காலி எதுவும் வாங்கவில்லை. வெளியில் மெத்தை போட்டால் மழையில் நனையும், எலி கடிக்கும். வீட்டுச் சுவரை ஒட்டி 18 அங்குல உயரத்தில் திண்ணை கட்டினோம். இரண்டரை அடி அகலம், ஆள் படுக்கலாம். மேலே சிவப்பு ஆக்சைடு. இந்த வேலை தெரிந்தவர்கள் இப்போது குறைவு. எங்கள் கொத்தனாரே தன் மாமாவை அழைத்து வந்தார். அடித்தளப் பூச்சு காய்வதற்குள் ஆக்சைடு கலந்த சிமென்ட்டை மெல்லிசாக இழுத்து, அந்தப் பெரியவர் கரண்டியால் ஒரே சீராகத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நடுவே எழுந்தால் நிறம் திட்டுத் திட்டாக நிற்கும் என்று, கொடுத்த டீயைக்கூட அப்புறம்தான் குடித்தார். பிறகு ஈரச் சாக்குப் போட்டு நன்றாக ஊறவிட்டு, காய்ந்ததும் தேங்காயெண்ணெய் தேய்த்தோம். தொட்டாலே குளிர்ச்சி. ஆள் புழங்கப் புழங்க மெருகு ஏறுகிறது.

அடுப்பு தாழ்வாரத்தின் வட முனையில். கடல் காற்று தெற்கிலிருந்து வருவதால் புகை உட்கார்ந்திருப்பவர்கள் மேல் வராமல் வெளியே போய்விடும். கொடி அடுப்புதான், ஒரு விறகில் இரண்டு பாத்திரம். தென்னை மட்டையும் பாளையும் கொட்டாங்குச்சியும் எரிக்க இருக்கின்றன. மீன் வறுப்பது, நெல் அவிப்பது, ஐப்பசியில் தலைக்குக் குளிக்க வெந்நீர், எல்லாம் இங்கே வந்துவிட்டன. பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கருங்கல் மேடை, ஒரு குழாய். மீன் ஆய்கிறவர் குனிய வேண்டியதில்லை. அம்மி அதை ஒட்டி. அத்தை மேற்பார்வையில்தான் அது இடம் மாறியது. விறகை இருக்கையிலிருந்து தள்ளி, தரையில் படாமல் சட்டத்தின் மேல் அடுக்குகிறோம். செங்கல் குவியலும் சருகும் விறகும் தரையோடு கிடந்தால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். கஜாவுக்குப் பிந்திய மாதங்களில் இதை ஊரே கண்டது.

விளக்குகளை மஞ்சளாகவும் மங்கலாகவும் வைத்தோம். வெள்ளை விளக்குக்கு வருகிற பூச்சியில் பாதிகூட இதற்கு வருவதில்லை என்பது என் அனுபவம். கிணற்றடிக்கு மட்டும் பளிச்சென்று ஒன்று, தனி சுவிட்சில். வெளி மின்சாரத்துக்கு நனையாத பெட்டியும், கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம். ஈரக் கையோடு புழங்குகிற இடம் இது, இதில் காசு பார்க்கக் கூடாது.

கொசுவுக்கு மருந்து தேடுவதைவிடத் தண்ணீரைத் தேடுவது நல்லது. டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். அதனால் வெள்ளிக்கிழமை தோறும் தொட்டி, பூந்தொட்டித் தட்டு, பறவைக்கு வைத்த மண்சட்டி எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்துவிடுகிறேன். கிணற்றுக்கு வலைக் கம்பி மூடி.

செலவைக் கேட்பவர்களுக்கு: கைமரமும் பாதிச் செங்கல்லும் எங்களிடமே இருந்ததால் இரண்டரை லட்சத்துக்குள் முடிந்தது. பெரும் பங்கு கூரைக்கும் தண்ணீர் வேலைக்கும். உட்காருகிற இடத்துக்கு ஆனது அதில் சிறு பகுதிதான். எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்ய முடியாதவர்கள், வீட்டின் பக்கச் சந்தைச் சுத்தம் செய்து, மரம் நட்டு, கீற்றுப் பந்தல் போடுவதோடு தொடங்கலாம். மரத்தை முதல் வருஷமே நட்டுவிடுங்கள், வளர்வதற்கு அதற்கு அவகாசம் வேண்டும்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. விழுந்த தென்னைகளுக்குப் பதிலாக ஒரு தென்னம்பிள்ளையாவது வைக்க வேண்டும் என்பது அத்தையின் ஆசை. எங்கே வைப்பது என்பதில்தான் எங்களுக்குள் பேச்சு. கிணற்றடியில் பழைய இரண்டும் நிற்கும் வரிசையிலேயே வைக்கலாம் என்றார்கள். அங்கே வைத்தால் மட்டை ஓட்டில் விழும், மரத்துக்கு மரம் 25 அடி இடைவெளியும் கிடைக்காது என்று நூல் பிடித்துக் காட்டினேன். தென்மேற்கு மூலைக்குச் சம்மதித்திருக்கிறார்கள், ஆனால் நெட்டை ரகம்தான் வேண்டுமாம். கன்றுக்கு வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் விசாரிக்க வேண்டும். மூன்றடிக்கு மூன்றடி குழியை ஆவணியிலேயே எடுத்து ஆறப் போட்டுவிட்டால், ஐப்பசி மழைக்கு முன் நட்டுவிடலாம்.